ராகலைக்குப் போன கூட்டுப்புழுக்கள்

ராணி செத்துப்போனது விஜிதரனுக்கு உடனே தெரியவில்லை. கட்டெறும்புகள் வழக்கம்போல அதைச் சுற்றி நின்று நக்கிக்கொண்டிருந்தன. அதன் கால்கள் மடங்கிக் கிடந்ததைக் கவனித்த பிறகுதான் அவை இருந்த கண்ணாடிக் குழாயை ஜன்னலோரம் கொண்டுபோய் லேசாகத் தட்டிப் பார்த்தான். மற்றவை சிதறி ஓடின. ராணி மட்டும் உருண்டது. கொஞ்ச நேரத்தில் ஓடியவை எல்லாம் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து நக்கத் தொடங்கின.

ஹட்டன் டவுனில் ஃபோன் திருத்தும் கடையில் அவனுக்கு வேலை. கடைக்கு மேலேயே ஓர் அறை. அவனோடு டயகமவில் படித்தவர்கள் எல்லாரும் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். தீபாவளிக்கு வந்து சத்தமாக இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இப்போது அண்ணன் குடும்பம். அங்கே போனால் அண்ணி கண்ணாடி அலமாரியிலிருந்து நல்ல தட்டை எடுத்துக் கழுவிச் சோறு போடுவாள், விருந்தாளிக்குப் போடுவதுபோல. அதனாலேயே அவன் போவதைக் குறைத்துக்கொண்டான். முன்பொரு நாள் மழை விட்டதும் கடை வெளிச்சத்துக்கு வந்து, இறக்கையை உதிர்த்துவிட்டு நடந்துகொண்டிருந்த பெரிய எறும்பு ஒன்றைப் பிடித்து வைத்தான். அந்த ராணி முட்டையிட்டு, ஒரு கூட்டமே ஆகிவிட்டது. வேலை முடிந்து படியேறும்போது அறையில் ஏதோ உயிரோடு அசைந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

எறும்பு வளர்ப்பவர்களுக்கென்று ஃபோனில் ஒரு குழு உண்டு. பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள். 'ராணி செத்துவிட்டது, கூட்டுப்புழுக்கள் இருக்கின்றன, என்ன செய்யலாம்' என்று அதில் கேட்டான். இரண்டு பேர் அழுகிற முகம் போட்டார்கள். மூன்றாவதாக ஒருத்தி தனியாக அழைத்தாள்.

"நான் டெல்சி. ராகலையில பாலர் பாடசாலை டீச்சர். உங்க எறும்பு படத்தப் பார்த்தேன். என்கிட்ட இருக்கிறதும் அதே சாதிதான், காலு நிறங்கூட ஒன்னு. ஆனா எனக்குத் தலைகீழா ஆகிப்போச்சிங்க. ராணி மட்டுந்தான் மிச்சம்."

"ஏன் டீச்சர், என்னாச்சி?"

"எங்க அண்ணன் லீக்ஸ் பாத்திக்கு மருந்தடிச்சாரு. காத்து வீட்டுப் பக்கம் திரும்பிருச்சி. தீனி எடுக்க வெளிய வந்ததெல்லாம் போச்சி. குழாய்க்குள்ள பஞ்சுக்குப் பின்னால இருந்த ராணி தப்பிச்சிருச்சி."

விஜிதரனுக்கு மனம் துள்ளியது. "அப்ப என்னோடத அப்படியே கொண்டாந்து விட்டுருவோமா? இங்க ராணி இல்ல, அங்க ஆளு இல்ல."

"ஐயோ, வேணாங்க. வளந்த எறும்புக்கு அதோட கூட்டு மணம் ஒட்டிப் போயிருக்கும். வேற ராணியப் பார்த்தா இழுத்துப் போட்டுக் கடிச்சே கொன்னுரும். கூட்டுப்புழு மட்டும் கொண்டாங்க. அதுக்கு இன்னும் ஒரு மணமும் ஏறல. கூட்ட விட்டு வெளிய வர்றப்ப பக்கத்துல யாரு இருக்காங்களோ, அவங்கதான் அதுக்கு வீட்டு ஆளு."

"அப்ப மத்தது?"

"மத்தது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயை வெளியே குளிரில் வைத்தான். எறும்புகள் விறைத்து மெதுவானதும் மெல்லிய தூரிகையால் கூட்டுப்புழுக்களை ஒவ்வொன்றாகத் தள்ளி வேறு குழாய்க்கு மாற்றினான். வெளிறிய பழுப்பில், ஊறிய அரிசி மாதிரி இருந்தன. அந்த விறைப்பிலும் சில எறும்புகள் விடாமல் கவ்விக்கொண்டு பின்னாலேயே இழுபட்டன. அவற்றைப் பிரித்துப் பழைய குழாயிலேயே விட்டான்.

நுவரெலியாவில் பஸ் மாறி ராகலை போய்ச் சேரும்வரை குழாய் இருந்த சட்டைப்பையை ஒரு கையால் மூடியபடியே இருந்தான். டெல்சி ரோட்டுக்கே வந்து காத்திருந்தாள். அவனைவிட ஓரிரு வயது கூட இருக்கலாம். உல்லன் தொப்பியும் பெரிய ஜேர்சியுமாக நின்றாள். வீட்டு வாசலில் அவள் அண்ணன் அன்டன் சேற்றுச் சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. மருந்தடிச்ச பாவி நான்தான். எறும்புக்காக இவ என்கூட ஒரு வாரம் பேசல."

"இன்னும் முழுசாப் பேச ஆரம்பிக்கல" என்றாள் டெல்சி.

மேசையில் ராணி இருந்த குழாயையும் அவன் குழாயையும் வாயோடு வாய் வைத்துச் சாய்த்தார்கள். கூட்டுப்புழுக்கள் ஒவ்வொன்றாக உருண்டு உள்ளே போயின. அப்போதுதான் விஜிதரன் பார்த்தான். கடைசிக் கூட்டுப்புழுவைக் கட்டிப்பிடித்தபடி ஓர் எறும்பும் போய்க்கொண்டிருந்தது.

"டீச்சர், வளந்தது ஒன்னு வந்திருச்சி!"

சட்டைப்பைச் சூட்டில் அதற்கு உயிர் திரும்பியிருந்தது. கூட்டுப்புழுவைப் போட்டுவிட்டு, உணர்கொம்புகளை ஆட்டியபடி நேரே ராணியிடம் போனது. ராணி பின்வாங்கியது. எறும்பு பாய்ந்து அதன் முன்னங்காலைக் கவ்வியது. இரண்டும் ஒன்றாகப் புரண்டன. அன்டன் மேசைப் பக்கம் குனிந்தார். டெல்சி நீளமான தூரிகையை உள்ளே விட்டு, அவசரப்படாமல், அந்த எறும்பின் முகத்தருகே மெல்ல மெல்ல வருடினாள். அது ராணியை விட்டுவிட்டுத் தூரிகையைக் கடித்தது. அப்படியே வெளியே இழுத்துவிட்டாள்.

ராணி சிறிது நேரம் ஆடாமல் நின்றது. பிறகு முன்னங்காலை வாயில் வைத்துத் துடைத்துக்கொண்டது. பிறகு ஒரு கூட்டுப்புழுவைத் தொட்டுப் பார்த்து, தூக்கித் தன் வயிற்றோரம் வைத்துக்கொண்டது. அடுத்ததைத் தேடிப் போனது.

"எடுத்துக்கிருச்சி" என்றாள் டெல்சி.

அவர்கள் வீட்டில் பாணைப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டான். அன்டன் லீக்ஸ் விலை பற்றியும் மழை பற்றியும் பேசினார். விஜிதரனுக்கும் பேச ஆசையாக இருந்தது, ஆனால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. சண்டை போட்ட எறும்பை வெறும் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டு கடைசிப் பஸ்ஸுக்கு முன்பே கிளம்பிவிட்டான். ஹட்டனில் அதைத் தன் கூட்டத்தில் விட்டபோது மற்றவை ஓடிவந்து வெகுநேரம் முகர்ந்தன. பிறகு நக்கிவிட்டன. அதைக் கண்டதும் அவனுக்குப் பெரிய நிம்மதி.

பிறகு வந்த நாட்களில் டெல்சி படங்கள் அனுப்பினாள். ஒரு கூட்டைக் கிழித்துக்கொண்டு வைக்கோல் நிறத்தில் முதல் எறும்பு வந்தது. ராணி அதற்கு வாயோடு வாய் வைத்து ஊட்டியது. அடுத்தடுத்து மற்றவையும் வந்து, கறுத்து, ராணியைச் சுற்றி நின்றன. புது முட்டைகளும் வந்துவிட்டன. அவள் ஒவ்வொரு முறையும் 'உங்க எறும்புங்க எப்படி' என்று கேட்பாள். அவன் 'இருக்கு' என்று மட்டும் எழுதுவான். அவன் குழாயில் தினம் ஒன்றோ இரண்டோ செத்துக்கொண்டிருந்தன. செத்தவற்றை மிச்சமிருப்பவை ஒரு மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்தன. சேர்க்க ஆளில்லாமல் போனபோது அவனே எடுத்துப் போட்டான். கடைசி எறும்பு சீனித்தண்ணீரைத் தொடாமல் பல நாள் நடந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது அதுவும் நின்றுவிட்டிருந்தது.

அன்று டெல்சிக்கு உண்மையை எழுதினான். 'எல்லாம் முடிஞ்சிருச்சி டீச்சர்.'

அவள் எழுதவில்லை. அழைத்தாள்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லி என்ன செய்ய?"

"சொல்லிருக்கலாம்ல" என்றாள். பிறகு, "வர்ற ஞாயிறு எங்க மாதா கோயில் திருவிழா. வாங்களேன். அண்ணனும் கூப்பிடச் சொன்னாரு."

"கடையில வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டான். சொன்ன உடனேயே வருத்தமாகிவிட்டது. திருப்பி அழைத்துச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். இந்தத் தடவை கொண்டுபோக ஒன்றும் இல்லை. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தலவாக்கலை தாண்டியும் யோசித்துக்கொண்டிருந்தான். நானுஓயாவில் பஸ் நிரம்பி, பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க போறீங்க தம்பி?"

"ராகலைக்கு" என்றான் விஜிதரன். "தெரிஞ்சவங்க வீட்டுக்கு."