மூன்றாவது பெட்டி

கூடத்தில் ஏற்கெனவே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருக்கின்றன. மூன்றாவதாக, தாழ்ந்த ஒலிகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும் ஒரு சப்வூஃபர் வாங்கலாம் என்று நான் சொன்னதும், தலையணை உறை தைத்துக்கொண்டிருந்த என் மனைவி ஊசியைக் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இருக்கிற ரெண்டு போதாதா? நாற்காலியை நகர்த்தினாலே கீழ்வீட்டுக்காரர் மாடிக்கு ஓடி வர்றார். இதையும் வச்சா இங்கேயே குடி வந்துடுவார்."

"பாட்டுல அடிப்பக்கம் ஒன்னுமே கேக்கலையே."

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்குது."

கேட்கத்தான் செய்யும். அந்த ஸ்டீரியோவில் நாங்கள் போடுவதெல்லாம் எங்கள் பழைய மெல்லிசைக் குழுவின் கேசட்டுகள். அவள் பாடகி, நான் பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார். அவள் குரல் நேற்றுப் பாடியதுபோல இருக்கும். புல்லாங்குழல் இருக்கும், தபேலா இருக்கும், முன்வரிசையில் யாரோ இருமியதுகூட இருக்கும். நான்தான் இருக்க மாட்டேன். "அப்பா சும்மா கிட்டாரை மாட்டிக்கிட்டு நின்னிருக்கார்" என்று மகள் சின்ன வயதிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள். வீட்டில் அது ஊறிப்போன கேலி. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. பகலெல்லாம் அச்சகத்தில் வேலை, மாலையானால் வேன். அவள் ஜன்னலோரம் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேசினால் தொண்டை கெட்டுவிடும் என்று என்னிடம் சைகையிலேயே சண்டை போடுவாள். மேடையில் அவளுக்குப் பின்னால் நின்று, அவள் பின்னலைப் பார்த்தபடியே வருடக்கணக்கில் வாசித்தவன் நான். தலை இடப்பக்கம் சாய்ந்தால் மூச்செடுக்கப் போகிறாள் என்று அர்த்தம். திரும்பி என்னைப் பார்க்க அவளுக்கு நேரமே இருந்ததில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் வாசிப்பை அவள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால், ஒலித்தரம் அது இது என்று அளந்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் மகள் தன் வீட்டு சப்வூஃபரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "உங்க பஞ்சாயத்து தாங்கலப்பா. ஒரு வாரம் வச்சுப் பாருங்க, வேணாம்னா எடுத்துட்டுப் போறேன்" என்று வயர்களை மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஒரு கல்யாண வரவேற்பில் பதிவு செய்த கேசட்டைப் போட்டேன். பல்லவியிலேயே தரை லேசாக அதிர்ந்தது. இத்தனை காலம் கழித்து நான் வந்துவிட்டேன். அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணத்தில் சட்டென்று நிமிர்ந்தாள்.

"நிறுத்துங்க. இங்க தப்பு விட்டிருக்கீங்க."

"எங்க?"

"சரணத்துக்கு முன்னாடி. திடீர்னு எங்கேயோ தாவிட்டீங்க."

எனக்குத் தெரியாதா! புல்லாங்குழலுக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. அதற்குள் அவள் சரணத்தை எடுத்துவிட்டாள். நான் அவளோடு தாவினேன். என் கையைப் பார்த்துத் தபேலாவும் தாவியது. கூட்டத்துக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. பாடுகிறவரிடம் தவறைச் சொல்லக் கூடாது, சொன்னால் அடுத்த பாட்டில் பயம் வந்துவிடும் என்பது எங்கள் குழுத் தலைவரின் கண்டிப்பான உத்தரவு.

"ஆமா, என் தப்புதான்" என்றேன்.

அவள் விடவில்லை. கேசட்டைத் தானே பின்னுக்கு ஓட்டி, தொடையில் தாளம் போட்டபடி மறுபடி கேட்டாள். பாதியில் கை நின்றது.

"புல்லாங்குழல் இன்னும் முடியவே இல்ல. நான்தான் முந்திட்டேன். நீங்க என்கூட வந்திருக்கீங்க."

"பழைய கதை. விடு."

"இந்த ஒரு தடவைதானா?"

"அப்பப்ப நடக்கும்."

"ஏன் சொல்லல?"

"தலைவர் சொல்லக் கூடாதுன்னார்."

"மேடையில சரி. வீட்டுக்கு வந்தும் ஏன் சொல்லல?"

"அன்னைக்கு நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த."

அவள் கண் கலங்கியிருந்தது. பாட்டை முதலிலிருந்து போட்டாள். முக்காலியை சப்வூஃபர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். வழக்கமாகத் தன் குரலோடு சேர்ந்து பாடுகிறவள் அன்று பாடவில்லை. வாயை மூடியபடி, தன் குரலுக்கு எட்டாத கீழ்ச் சுருதியில் தட்டுத்தடுமாறி, என் வாசிப்பை முனகிக்கொண்டிருந்தாள்.