பஜ்ஜிக் கடைக்கு எதிரே

திருத்தணியில் வாயைக் கட்டிக்கொண்டு வாழ்வது லேசுப்பட்ட காரியமில்லை. மலையிலிருந்து இறங்குகிறவர்கள் வழியில் கண்டவர் கையிலெல்லாம் சர்க்கரைப் பொங்கலை அள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்றால் சாமி குத்தம். இந்த ஊரில்தான் கமலா ஐந்து மாதமாகத் தன் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பசிக்குத் தின்பது வேறு. கமலா தின்றது பசிக்கு இல்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையல்கட்டில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, சட்டி காலியாகும்வரை தின்பாள். வயிறு வலித்தாலும் கை நிற்காது. "வயித்துக்கு பதிலா நெல்லுக் குதிர வெச்சிகினு வந்துட்டா" என்று புருஷன் மணவாளன் ஊரறியச் சிரிப்பான். அவள் அழுதது வீட்டில் ஓடும் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டதில்லை.

அவளைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனிலேயே கூடிப் பேசும் குழு ஒன்றில் சேர்ந்தாள். கை சட்டிக்குப் போகுமுன், குழுவில் தனக்கென்று சேர்த்துவிட்ட கூட்டாளியைக் கூப்பிட வேண்டும், மீறித் தின்றுவிட்டால் மறைக்காமல் எண்ணிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கட்டுப்பாடு. அவளுக்கு வாய்த்த கூட்டாளி மணவூர் தீபா. கமலா ஒன்றுவிடாமல் சொல்வாள்: எட்டு இட்லி, மிச்சமிருந்த சோறு, பிள்ளையின் பிஸ்கட். தீபா மட்டும் ஒரு நாளும் மீறித் தின்றதாகச் சொன்னதில்லை. "நான் நல்லாதான்க்கா இருக்கேன்" என்பாள். கமலாவுக்கென்று உலகத்தில் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

இன்று முதல்முறையாக நேரில் பார்ப்பதாகப் பேச்சு. பத்து மணிக்கு, மலைப்படி அருகே. கமலா ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். பொறுக்கமாட்டாமல் போன் போட்டாள்.

எதிரே பஜ்ஜிக் கடையில், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்த பச்சைப் புடவைக்காரி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"இப்பதான்க்கா அரக்கோணத்துல வண்டி மாறிகினு இருக்கேன். செம கூட்டம்."

"இன்னொரு பிளேட்டாம்மா?" என்று கடைக்காரர் கேட்டது கமலாவுக்குத் தெருவிலிருந்தும் கேட்டது, போனிலிருந்தும் கேட்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மட்டும் மானத்தை விட்டு எல்லாம் சொன்னேனே! போய்த் தோளைத் தட்டிக் கேட்டுவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். உடனே பயமும் வந்தது. போன வருஷம் நாத்தனார் சமையல்கட்டில் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தாள். அந்த நாத்தனாரை இன்றுவரை கமலாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தோளைத் தட்டினால் தீபா போய்விடுவாள், அப்புறம் அந்தக் குரலும் கிடையாது. தெரியாத மாதிரி இருந்துவிட்டாலோ, தினமும் ஒரு பொய்யோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

"தீபா, திரும்பிப் பாக்காத. நான் ஒன் பின்னாடிதான் நிக்கறேன். போன மட்டும் வெச்சிடாத."

பச்சைப் புடவை அசையாமல் நின்றது.

"எத்தினி பஜ்ஜி துன்னத பாத்தக்கா?"

"நாலு."

"ஒம்போது" என்றாள் தீபா. "நேத்து இன்னும் ஜாஸ்தி. மொதல்லருந்தே இப்படித்தான்க்கா. அஞ்சு மாசமும்."

"ஆங், சொல்லு. கேட்டுகினுதான் இருக்கேன்."

தீபா போனில் சொல்லிக்கொண்டே நடந்தாள், ரயில் ஸ்டேஷன் பக்கமாக. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அந்த முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே, கமலா படியருகில் நின்று கடைசிவரை கேட்டாள்.