பின்னால் வருகிறவளின் டியூப்

மிச்சமிருந்தது ஒரே ஒரு டியூப். கௌசல்யா, நீது இருவரின் சைக்கிளிலும் ஆழமான ரிம் வைத்த சக்கரங்கள். கழக்கூட்டம் என்ற ஊரில் யாரோ ஐ.டி. கம்பெனிக்காரர் ஓட்டிச் சலித்துப்போய் அவர்களுடைய சைக்கிள் கிளப்புக்குக் கொடுத்தவை. அந்த ரிம்மைத் தாண்டி வெளியே தலைகாட்ட, டியூபின் வால்வு ஆள்காட்டி விரல் நீளமாவது இருக்க வேண்டும். பக்கத்துக் கடைகளில் அப்படி டியூப் கிடையாது. சொல்லி வரவழைக்க வேண்டும்.

அதனால் நீது ஒரு சட்டம் போட்டிருந்தாள். பின்னால் வருகிறவள்தான் டியூபைச் சுமக்க வேண்டும். முன்னால் போகிறவளுக்குப் பஞ்சரானால் நின்றால் போதும், டியூப் தானாக வந்து சேரும். பின்னால் வருகிறவளுக்கே ஆனால் கையிலேயே இருக்கிறது.

"எடீ, எப்பவும் பின்னாடி வர்றது நீ தன்னே. நீ வெச்சோ" என்று சிரித்துக்கொண்டே கௌசல்யாவின் முதுகுப் பையில் திணிப்பாள்.

பொன்முடி மலைக்கு சைக்கிளில் ஏறும் போட்டியன்றும் அப்படித்தான் திணித்தாள். முதலில் மலையேறி வரும் பெண்ணுக்கு விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கௌசல்யாவின் அப்பா தாணுமாலயன் ஒரு ஹோட்டலில் புரோட்டா போடுகிறவர். அவர் முன்னமே சொல்லிவிட்டார்.

"எடம் கெடச்சா பிளஸ் ஒண்ணு படி மக்ளே. இல்லேன்னா திங்கக்கெழம ஞானபாய் அக்காகூட துணிக்கடை வேலைக்குப் போ. இனி என்னால ஏலாது, கேட்டியா."

கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கின. அன்றைக்குக் கால்கள் சொன்னபடி கேட்டன. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்க, முன்னால் நீதுவின் முதுகு மட்டும் இருந்தது. அதையும் எட்டிப் பிடித்தாள்.

"நீது, கை நீட்டு."

"எந்தா?"

"இந்தா டியூப். இப்போ பின்னாடி வர்றது நீதான்."

நீதுவின் முகம் சுண்டிப்போனது. வாங்கித் தன் முதுகுப் பையில் செருகிக்கொண்டாள். கௌசல்யா எழுந்து நின்று மிதித்தாள். முன்னால் ஒருவரும் இல்லாத பாதையை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

இரண்டு வளைவு மேலே, யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்டிருந்த பாட்டில் சில்லு பின்சக்கரத்தில் ஏறியது.

அவள் பதறவில்லை. சக்கரத்தைக் கழற்றினாள், டயரை நெம்பிப் பழைய டியூபை உருவினாள், சில்லைப் பிடுங்கி எறிந்தாள். இனி டியூப் வந்தால் மாட்டிக் காற்றடிக்க வேண்டியதுதான். ஓரமாக நின்று கீழே பார்த்தாள்.

நீது வளைவு திரும்பி வந்தாள்.

"டியூப் தா, நீது!"

நீதுவின் கை முதுகுக்குப் போனது. பையைத் தொட்டதைக்கூடக் கௌசல்யா பார்த்தாள். பிறகு அந்தக் கை ஹாண்டில்பாருக்கே திரும்பியது. தலையைக் குனிந்துகொண்டு, மூச்சிரைக்க, அவளைத் தாண்டிப் போனாள்.

"நீது! எடீ, நீது!"

மேலே மூடுபனி. நீதுவின் சைக்கிள் அதற்குள் மறைந்துவிட்டது.

அடுத்து வந்த சுப்புலக்ஷ்மி, ஸ்ரீவராகம் பகுதிப் பெண், இறங்கியே விட்டாள். "என்னடி ஆச்சு? என்னோடதை எடுத்துக்கோயேன். நான் எப்படியும் ஜெயிக்கப் போறதில்லே."

மாட்டிப் பார்த்தார்கள். குட்டை வால்வு ரிம்முக்குள்ளேயே நின்றுவிட்டது. சுப்புலக்ஷ்மி குனிந்து ஓட்டைக்குள் பார்த்தாள்.

"உள்ளே தெரியறதுடி. பிடிக்கத்தான் முடியலை."

பின்னால் வந்த இன்னொரு பெண்ணும் நின்று தன்னுடையதைக் கொடுத்தாள். அதுவும் குட்டை. எல்லாரும் போன பிறகு, கௌசல்யா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூச்சு முட்டியபோது நடந்தாள்.

உச்சியில் போட்டி முடிந்து பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பஸ்ஸில் வந்து காத்திருந்த அப்பா, மகளையும் அவள் தோளில் இருந்த சைக்கிளையும் பார்த்தார். சைக்கிளை வாங்கிக்கொண்டார்.

கழுத்தில் மாலையோடு நீது வந்தாள். கண்ணைப் பார்க்காமல் டியூபை நீட்டினாள். ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டியது சுருட்டியபடியே இருந்தது.

"சத்தியமாட்டு நீ நின்னதை நான் கண்டில்ல, கௌசீ."

கௌசல்யாவின் கை எழவில்லை.

"வாங்கிக்கோ மக்ளே" என்றார் அப்பா. "கிளப்புல சைக்கிளத் திரும்பக் குடுக்கும்போ எல்லாம் சரியா இருக்கணும்லா."

அவள் வாங்கி முதுகுப் பையில் வைத்துக்கொண்டாள்.