மலையில் பட்ட காயம்

பெனித்தோ சோப்பு நுரையை அண்ணனின் கன்னத்தில் தடவினான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, கன்னம்தான் சில்லிட்டிருந்தது. அண்ணன் எவாரிஸ்தோ அன்று விடியற்காலையில் இறந்திருந்தார்.

"சவப்பெட்டிக்காரங்க நாங்களே ஷேவ் பண்ணிடறோம்னாங்க," என்றாள் அண்ணி புய். "வேத்தாள் கை அவர் முகத்துல பட வேண்டாம்னு தோணுச்சு. அதான் போன் பண்ணேன், தம்பி."

அவன் தலையாட்டினான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் இந்த வீட்டுப் படியேறியிருந்தான்.

ஸ்பெயின் அரியணை வேறொரு ராஜ வம்சக் கிளைக்குத்தான் சேர வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சிவப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போன குடும்பம் அது. அந்தக் கிளையின் இளவரசர்கள், கூடப்பிறந்த இருவர், ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். எவாரிஸ்தோ மூத்தவர் பக்கம் போனார். பெனித்தோ இளையவர் பக்கம். 1976 மே மாதம், மோன்தெஹூர்ரா மலைக்கு வருஷா வருஷம் ஏறும் யாத்திரையில் இரண்டு தரப்பும் மோதிக்கொண்டன. மூடுபனிக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. இரண்டு உயிர் போயிற்று. பெனித்தோவின் கையில் இருந்தது ஒரு தடி. எதிரே வந்தவனை ஓங்கி அடித்த பிறகுதான் முகம் தெரிந்தது.

அண்ணன் மண்டியிட்டு விழுந்தார். அவன் தூக்கிவிடவில்லை. அவனுடைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சவரக்கத்தி இறங்கிய வழியில், தாடையோரமாக வெளுத்த தழும்பு ஒன்று தெரிந்தது. பெனித்தோவின் கை நின்றது.

"டிராக்டர்லேருந்து விழுந்தேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னாரு," என்றாள் புய்.

"உங்ககிட்ட?"

"என்கிட்டயும்தான். அந்தப் பனியில எதுக்கு டிராக்டர் எடுத்தீங்கன்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டாரு."

மூன்று வருஷத்துக்கு முன்பு, வியாழக்கிழமைச் சந்தையில் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றது அவனுக்கு நினைவு வந்தது. "ஞாயித்துக்கிழமை பொண்ணுக்குச் சர்ச்சுல புதுநன்மை. வீட்டுக்கு வாடா." காதில் விழாததுபோல் அவன் கீரைக்கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போனார்.

முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டான். "அந்தச் சிவப்புத் தொப்பிய பெட்டில வைக்கணுமா, அண்ணி?"

"வேணாம்னுட்டாரு. எந்த ராஜா நம்ம வீட்டுக்கு வந்து எட்டிப் பாத்தான்னு கேட்டாரு."

மாட்ரிட்டில் அரியணையில் இருந்தவர் அந்த இளவரசர்களில் எவரும் இல்லை.

சமையலறையில் புய் அவனுக்கும் சூப் ஊற்றினாள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் பதினோரு வயது மகள் இதோயா உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் உன் சித்தப்பா," என்றான் பெனித்தோ.

"தெரியும். பாலத்துல எங்களைப் பாத்தா அந்தப் பக்கமா போயிடுவீங்களே."

புய் கரண்டியோடு திரும்பினாள்.

"ஆமா," என்றான் அவன்.

"அப்பா கை காட்டுவாரு. நீங்க பாக்க மாட்டீங்க."

"பாத்தேன்."

இதோயா அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ரொட்டிக் கூடையை அவன் பக்கமாக நகர்த்தினாள். பெனித்தோ ஒரு துண்டை எடுத்தான். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். சூப் ஆறிக்கொண்டிருந்தது.