கம்பும் கப்பல் டூட்டியும்

துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதிய சத்தம் பத்துபஸ்தி தென்னந்தோப்புக்குள் நீளமாக வந்து இறங்கியதும் ஜெகநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மரம் போல நின்ற அந்த ஒரு நொடியில் அப்துல் வஹாபின் மூங்கில் கம்பு அவருடைய நெற்றியில் ணங்கென்று விழுந்தது.

வஹாப் பதறிப்போய்க் கம்பைக் கீழே போட்டார். ஜெகநாதன் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. துறைமுகம் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஜஹாஜ் வந்திருச்சு."

"வந்தா வரட்டுமேண்ணே. என் கடைக்கு வெங்காய மூட்டை வருது. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"காலையிலேயே வந்திருச்சுன்னு வீட்டிலே சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஜெகநாதனுக்கு வயது நாற்பத்தாறு. போர்ட் பிளேர் துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. மெட்ராஸ் கப்பல் வரும் நாட்களில் கிடங்கு ஆட்கள் பொழுது சாய்ந்த பிறகும் நின்று சாமான் இறக்குவது வழக்கம். அதைத்தான் இரண்டு மாதமாக அவர் சாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் கப்பல் டூட்டி என்று மனைவி விசாலாட்சியிடம் சொல்லிவிட்டு, ஆபீஸ் விட்டதும் நேரே இந்தத் தோப்புக்கு வந்துவிடுவார். இன்றைக்குக் கப்பல் கிடையாது, நாளைக்குத்தான் என்று ஆபீஸில் உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் மத்தியானம் சாப்பிடப் போனபோது, கப்பல் காலையிலேயே வந்துவிட்டதாக வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்திருந்தார். பாழாய்ப்போன கப்பல் ஒரு நாள் முந்திக்கொண்டது. அது ஊதினால் ஊர் முழுக்கக் கேட்கும். மரைன் ஹில்லில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கேட்காமல் இருக்குமா?

இந்த வம்பெல்லாம் ஒரு மாட்டினால் வந்தது. ஐப்பசியில் ஒரு நாள் அபர்தீன் பஜாரில் வஹாபின் கடை வாசலில் தொங்கிய வாழைத்தாரை ஒரு காளை இழுத்தது. வஹாப் கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினார். தொப்பையும் தொப்பியுமாக இருந்த மனிதர் காளையை விரட்டியபோது வைத்த காலடியைப் பார்த்து ஜெகநாதன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். அது மாடு விரட்டுகிறவன் வைக்கிற கால் அல்ல. எந்த ஊர் ஆசானிடம் படித்தீர்கள் என்று கேட்டார். கீழக்கரை என்று பதில் வந்தது. இரண்டு பேரும் சிலம்பத்தை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமையே ஆளுக்கொரு கம்போடு தோப்பில் நின்றார்கள்.

முதல் வாரம் தோள் தூக்க முடியவில்லை. இரண்டாம் வாரம் முழங்கால் வீங்கியது. மூன்றாம் வாரத்தில்தான் மணிக்கட்டுக்குப் பழைய ஞாபகம் வந்து, கம்பு காற்றில் விர்ரென்று பாடியது. அன்றைக்கு ஜெகநாதன் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஆனால் ஒன்று மட்டும் வரவில்லை. தோளுக்கு மேலே அவர் அடிக்கவே மாட்டார். வீச்சு நன்றாகத்தான் கிளம்பும். எதிராளியின் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் யாரோ பிடித்து இழுத்தாற்போல நின்றுவிடும். என்னை என்ன புது மாப்பிள்ளை என்று நினைத்தீர்களா என்று வஹாப் பலமுறை கிண்டல் செய்து பார்த்துவிட்டார்.

இன்று வஹாப் அவரைத் தென்னையடியில் உட்காரவைத்து, ஈரத்துண்டை நெற்றியில் அழுத்தினார். பெண்டாட்டியிடம் ஒரு பொய் சொன்னதற்கு மனிதர் இப்படியா வெளிறிப்போவார் என்று அவருக்குச் சந்தேகம். அந்த வீட்டம்மா அடிப்பாரா என்று கேட்டார். அப்போதுதான் ஜெகநாதன் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் அவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு சிலம்ப ஆட்டம். எதிரே நின்றது விசாலாட்சியின் தம்பி பழனிசாமி. மைத்துனனும் அவரும் ஒரே ஆசானிடம் படித்தவர்கள். விளையாட்டு சூடு பிடித்தபோது ஜெகநாதனின் கம்பு நுனி பழனிசாமியின் இடது கண்ணில் பட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. அந்த வாரமே ஜெகநாதன் கம்பை ஆசான் காலடியில் வைத்துவிட்டார். இனி தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு, கிடைத்த அந்தமான் வேலையைப் பிடித்துக்கொண்டு, மனைவியோடு கப்பல் ஏறினார். இடையில் மூன்று முறை லீவில் ஊருக்குப் போனார்கள். மூன்று முறையும் ஏதோ காரணம் சொல்லி விசாலாட்சியை மட்டும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

"அவ தம்பி கண்ணை எடுத்த கம்பு இது, பாய். அதை மறுபடியும் தொட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சா எப்படி முகத்தைப் பார்ப்பேன்?"

வஹாப் துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்தார். பிறகு, நெற்றியில் இவ்வளவு பெரிய வீக்கத்தை வைத்துக்கொண்டு எந்தக் கதையும் எடுபடாது, நேரே போய் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்றார்.

"சலோ அண்ணே. இருட்டிருச்சுன்னா பஸ் போயிரும்."

பஸ்ஸில் ஜெகநாதன் மூன்று கதை தயார் செய்தார். சாமான் பெட்டி விழுந்தது. கிரேன் கொக்கி இடித்தது. வழுக்கி விழுந்தேன். மரைன் ஹில் மேட்டில் ஏறும்போது மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்துபோயின.

விசாலாட்சி அடுக்களையில் இருந்தாள். அவர் நெற்றியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைக்க ஆரம்பித்தாள். ஜெகநாதன் வழக்கமாகக் கூடத்தோடு நின்றுவிடுகிறவர். இன்றைக்கு அடுக்களைக்குள் வந்து சுவரோரம் மணைக்கட்டையில் உட்கார்ந்தார். அப்போதுதான் எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தார். மலைச்சரிவுக்குக் கீழே ஜெட்டி அப்படியே தெரிந்தது. இப்போதுதான் வந்து நின்ற கப்பலில் வரிசையாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இந்த ஜன்னலிலிருந்து ஜெட்டி தெரிகிறதே என்றார், வேறு பேச்சுத் தோன்றாமல்.

"தெரியுதுல்லா. ஊருக்கெல்லாம் மாசத்துக்கு ரெண்டு கப்பல் வருது. உங்களுக்கு மட்டும் வாரத்துக்கு ரெண்டு வருதாக்கும்."

விசாலாட்சி குழைத்த மஞ்சள் பத்தைச் சுடவைத்துக்கொண்டே, முதல் வாரமே தனக்குத் தெரியும் என்றாள். முதலில் வேறு எதையோ நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம். பிறகு வேட்டியில் தென்னந்தோப்பு மண்ணையும் சட்டையில் காயத்திருமேனித் தைல வாசனையையும் பார்த்து, வஹாபின் மனைவி மெஹர்பானுவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஜெகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "பழனிசாமிக்குச் செஞ்சதுக்கப்புறம் நான் அதைத் தொட்டிருக்கக் கூடாது விசாலம். இன்னையோட விட்டிருதேன்."

அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கட்டுக் கடிதத்தோடு திரும்பி வந்தாள். எல்லாம் தம்பி எழுதியவை. ஒவ்வொரு கப்பலுக்கும் வந்த கடிதங்களை அவள்தான் இவருக்கு வாசித்துக் காட்டுவாள். மழை, விளைச்சல், குழந்தைகள், யாருக்குக் கல்யாணம். வாசித்து முடித்ததும் மடித்து வைத்துவிடுவாள். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் தைரியம் ஒரு நாளும் அவருக்கு வந்ததில்லை.

இப்போது அவள் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, தை மாதம். கண் போன எட்டாம் மாதமே பழனிசாமி மறுபடி கம்பெடுத்துவிட்டதாக எழுதியிருந்தான். அடுத்ததில் ஆடிக் கொடையில் ஜெயித்திருந்தான். அதற்கடுத்ததில் தானே ஒரு சிலம்பக்கூடம் நடத்திக்கொண்டிருந்தான். போன மாதக் கடிதத்தில் கடைசி நான்கு வரி இவரைப் பற்றியே அக்காவுக்கு எழுதியது. மச்சான் அடித்த பக்கத்தைக் காத்துக் காத்தே பழகியதால் இப்போது இடது பக்கம் எவனாலும் என்னைத் தொட முடியவில்லை. ஆசான் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அடுத்த லீவிலாவது அவரைக் கூட்டி வா. எதிரே நிற்க ஆள் இல்லாமல் எனக்குக் கை ஊறுகிறது.

ஜெகநாதன் அந்த நான்கு வரியை மூன்று முறை வாசித்தார். நெஞ்சில் பதினேழு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது என்னவோ, அது பொலபொலவென்று சரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. கூடவே சிரிப்பும் வந்தது. நெற்றி வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவனுக்கு எதிரே நின்றால் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவோம் என்று தோன்றியது. அந்த நினைப்பே அவருக்கு இனித்தது.

விசாலாட்சி சூடான பத்தை விரலில் எடுத்து அவர் நெற்றியில் பூசினாள். எரிந்தது. அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தார். குரல் அப்படி வரவில்லை.

"இத்தனை வருஷமா இதை ஏன் எனக்கு வாசிச்சுக் காட்டலை?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு, மிச்சப் பத்தையும் நிதானமாகப் பூசி முடித்தாள்.

"கம்பு இருந்த வரைக்கும் நீங்க வீடு தங்கினதே இல்லை. அதை விட்டப்புறம் அஞ்சு மணிக்கெல்லாம் வந்து என்கூட உக்காந்திய, அதைக் கெடுத்துக்க எனக்கு மனசு வரலை."