எத்தனை பேர் வருவினம்?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மனைவி சிவமலர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். முப்பத்தெட்டு வயதில் வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுநேரமாகப் படிக்கப் போகிறேன் என்று மனைவி வந்து நின்றால் குணரத்தினம் என்று பெயர் வைத்திருக்கிற எனக்குக்கூடக் கோபம் வராதா?

படிப்பு எம்.பி.ஏ. அதிலும் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கானது. இரண்டு வருடப் பாடத்தை ஒரே வருடத்தில் திணித்து, காலை எட்டு மணி தொடக்கம் இருட்டும்வரை, சனி ஞாயிறும் விடாமல் பிழிந்தெடுப்பார்களாம். செப்டெம்பரில் தொடக்கம். இடம் கிடைத்த கடிதம் 2006 மே மாதம் வந்தது. வருகிறேன் அல்லது வரவில்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் அவள் எழுத வேண்டும்.

பகலில் அவளுக்கு ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. சனி ஞாயிறுகளில் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் எங்கள் குசினியிலிருந்து கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் சாப்பாடு போகும். பதினொரு வருடமாக நன்றாகத்தான் போகிறது. நன்றாகப் போவதைப் போட்டு எதற்குக் குழப்ப வேண்டும்?

"சமைக்கிறதுக்கும் பட்டமே? உமக்கென்ன விசரே?" என்றேன்.

"புதன்கிழமை ஒரு வகுப்புக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கினம். வாங்கோ. அதைப் பாத்துப்போட்டுப் பிரயோசனம் இல்லையெண்டால் நானே வேண்டாமெண்டு எழுதிப்போடுறன்."

நான் அதற்கு முன்பே ஒரு வேலை பார்த்து வைத்திருந்தேன். வெளியே சொல்ல வெட்கமான வேலை. அவளுக்குத் தெரியாமல், அவளுடைய பெயரில், வரப்போகிற ஒக்டோபருக்கு மூன்று பெரிய ஓடர்களுக்கு ஓம் சொல்லிவிட்டேன். முதலாவது, இல்-பிசாரில் இருக்கும் என் அக்கா ஜெகதீஸ்வரியின் மகள் பெரியபிள்ளையானதற்கு வைக்கிற சாமத்தியவீடு. சொந்தத்துக்குக் கொடுத்த வாக்கைச் சிவமலர் தட்டமாட்டாள், படிப்பு தானாகவே நின்றுபோகும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அக்காடி நிலையத்தில் மெட்ரோ ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். குறை கண்டுபிடிப்பதற்கென்றே பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது பேர் இருப்பார்கள். முடியைக் குட்டையாக வெட்டிய பேராசிரியை ஒருவர் சிவமலரைப் பலகைக்கு முன்னால் அழைத்தார். அவளுடைய தொழிலைத்தான் அன்றைக்கு எல்லோருமாக அலசப் போகிறார்களாம். ஐயோ, கூட்டத்தில் இவள் வாயே திறக்கமாட்டாளே என்று கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டேன்.

"விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பேராசிரியை ஆங்கிலத்தில் கேட்டார்.

சிவமலரும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். "எங்கள் ஆட்கள் ஒருவரும் வரமாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் மரியாதையில்லை. கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். முந்நூறு பேர் ஓம் சொன்னால் நூற்றெண்பது பேர் வருவார்கள். சிலவேளை முந்நூற்றைம்பது பேரும் வந்து நிற்பார்கள்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு அவள் பலகையில் எழுதத் தொடங்கினாள். அதே சனிக்கிழமை வேறு எந்த மண்டபத்தில் விழா, எந்தக் குடும்பம் இரண்டுக்கும் போகும், போனால் எங்கே சாப்பிடும். யார் யாரோடு கோபம், யார் இருக்கிற இடத்துக்கு யார் வரமாட்டார்கள். பனி கொட்டினால் லாவாலிலிருந்து வருகிறவர்களில் எத்தனை பேர் குறைவார்கள். கோட்டுக்கு மேல் கோடு போட்டு, கடைசியில் ஒரு எண்ணை எழுதி வட்டமிட்டாள். பதினொரு வருடத்தில் பத்துத் தட்டுக்கு மேல் கணக்குப் பிழைத்ததில்லை என்றாள். குசினிச் சுவரில் இவள் ஒட்டிவைத்துக் கிறுக்குகிற கலண்டருக்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சமா? அதற்குள்ளே இதுவா இருந்தது?

முன்வரிசையிலிருந்து லெபனான்காரர் ஒருவர் துள்ளியெழுந்தார். "எங்கள் கல்யாணங்களிலும் இதே கதைதான்!" என்றார். தங்களுக்கும் அப்படித்தான் என்றாள் ஹெய்ட்டிப் பெண் ஒருத்தி. இத்தாலிக்காரர் ஒருவரும் தலையாட்டினார். மொன்றியல் முழுக்க எத்தனை மண்டபம், எத்தனை சனிக்கிழமை! கடவுளே, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் பேராசிரியை கேட்டார். "நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் என்றால் இதை யார் செய்வார்?"

சிவமலரின் கை நின்றுவிட்டது. "ஒருவரும் இல்லை."

"உங்கள் தலைக்குள் இருப்பதை இன்னொருவர் கையில் எப்படிக் கொடுப்பது? இன்றைக்கு எங்களிடமும் விடை இல்லை. அதைத் தேடத்தான் அந்த ஒரு வருடம்."

அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளோடு பதினாறு வருடம் வாழ்ந்திருக்கிறேன், அப்படியொரு முகத்தை நான் கண்டதில்லை. இவ்வளவு பெரிய ஆளோடா கறிக்கு உப்புப் போதாது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்? வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

திரும்பும்போது மெட்ரோவில் அவளே கதையைத் தொடங்கினாள்.

"இவ்வளவு காலமும் இந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை அப்பா. நானும் கேக்கேல்லை. வாறனெண்டு எழுதப்போறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"இஞ்சேரும்... நான் ஒரு பிழை விட்டிட்டன்."

மூன்று ஓடர்களையும் பற்றிச் சொன்னேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்காடியில் கதவு திறந்தபோதுதான் அவள் சொன்னாள்.

"மூண்டு பேருக்கும் இல்லையெண்டு நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

வீட்டுக்கு வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் அக்காவுக்குப் போன் எடுத்தேன். சிவமலர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, ஒக்டோபர்ச் சாப்பாட்டுக்கு வேற ஆரையும் பாருங்கோ. சிவமலர் படிக்கப் போறா."

"என்னடா தம்பி, பேய்க்கதை கதைக்கிறாய்? நீதானே வலிய வந்து ஓமெண்டு சொன்னனீ?"

"ஓம், நான்தான். அவவைக் கேளாமல் சொன்னனான். என்ரை பிழைதான்."

"இப்ப என்ன, மனுசிக்குப் பயப்பிடுறியோ?"

வேறொரு நாளென்றால் நான் துள்ளிக் குதித்திருப்பேன். சிவமலரை நிமிர்ந்து பார்த்தேன்.

"ஓம் அக்கா. அவ ஆரெண்டு இண்டைக்குத்தான் பாத்தனான். பயமாத்தான் கிடக்கு."

அக்கா படாரென்று போனை வைத்துவிட்டாள். இனி எத்தனை மாதத்துக்கு என்னோடு கதைக்கமாட்டாளோ தெரியாது.

சிவமலர் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, அடுத்தது ஆர்?" என்றாள்.