ஆளுக்கோர் எழுத்து

மக்களின் கலை எழுந்து நின்றால் அரியணைகள் ஆடும். இப்படி ஓவியர் முழங்கியபோது ஆடியது அவர் ஏறி நின்ற முக்காலிதான்.

"மெல்ல முழங்குங்க, கால் லொடலொடங்குது" என்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. முக்காலி அவளுடைய டீக்கடையைச் சேர்ந்தது. தெருவுக்கே அவள் அக்கா.

கால்வாய்க் கரையில் இருந்த அந்தக் கடையை எடுத்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப்போவதாக நகராட்சி அறிவிப்பு ஒட்டியிருந்தது. கடை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஓவியரை நம்பி உலை வைத்தவள் அல்ல அவள். கல்யாணமான நாளாய் அவர் தீட்டிவரும் மாபெரும் படைப்பு இன்னும் கட்டிலுக்கடியில் சுருட்டித்தான் கிடக்கிறது. ஆனாலும், "உன் கடைக்கு நான் இருக்கேன்" என்று மனுஷன் சொன்னபோது வடிகட்டி பிடித்த கை ஒரு நொடி நின்றுவிட்டது.

எதிரே இருந்த கிடங்கின் நீளச் சுவரில் 'கரையைக் காப்போம்' என்று எழுதுவதாக முடிவாயிற்று. தனிமனிதக் கலை செத்துவிட்டது என்று ஓவியர் அறிவித்து, வீட்டுக்கு ஓர் எழுத்தாகப் பிரித்துக் கொடுத்தார். அக்காவின் தம்பி தையல்காரர். அவர் 'க'வுக்குப் பொத்தான் துளை தைக்கிற பக்குவத்தில் ஓரம் கட்டினார். முடிதிருத்துபவரின் 'யை'க்குக் கிருதா முளைத்தது. 'க்'கின் புள்ளியை யார் வைப்பதென்று ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் முறைப்பு வந்து, இரண்டு புள்ளி விழுந்தது. கூடுதல் புள்ளிக்கு ஓவியர் சிறகு வரைந்து பறவையாக்கிச் சமாதானம் செய்தார்.

"ரெண்டாவது எழுத்து நுட்பமானது. அதை நான் பாத்துக்கறேன்" என்று தனக்கு வைத்துக்கொண்டார்.

அவரவர் மூக்கு அவரவர் எழுத்தில் ஒட்டியிருந்ததால் சுவரை முழுசாக யாரும் படிக்கவில்லை. பத்திரிகைக்காரர் வந்து படம் பிடித்துக்கொண்டு போன பிறகுதான், கிளாஸ் கழுவிக்கொண்டே அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, நாம எதைக் காப்பாத்தறோம்?"

"கரையை."

"செவுத்துல கறைன்னுல்ல இருக்கு? சட்டையில படியுமே, அது."

தம்பி ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு வந்து பார்த்தார். "மாமா, உங்களுக்கு இருந்தது ஒரே ஒரு எழுத்து!"

"ர-வுல என்ன மச்சான் கம்பீரம் இருக்கு? நாலு குச்சி. ற-வைப் பாரு, ஒரு வளைவு, ஒரு எழுச்சி!"

"உங்க எழுச்சியில எங்கக்கா கடை எந்திரிச்சிரும் போலயே."

ஓவியரின் காதுமடல் சிவந்தது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உன் பொழப்பைக் கெடுத்துட்டேனாம்மா?"

"பொலம்பாம குடிங்க. ஆறுது" என்று அவள் கிளாஸை நீட்டினாள். ஆனால் அன்று அவள் போட்ட டீ எதிலும் சர்க்கரை இல்லை.

படம் பத்திரிகையில் வந்தது. ஊரே சிரித்தது. சிரித்தவர்கள், "கறை எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டு கிளம்பி வந்தார்கள். அக்கா கண் சிமிட்டாமல் கடைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். அங்கே கரைக் கற்களில், வருஷக்கணக்காகக் கிளாஸ் கழுவிக் கொட்டிய தண்ணீர் பழுப்பு நிறத்தில் படம் படமாய் இறங்கியிருந்தது.

"இதாங்க. இந்த ஊரு குடிச்ச டீ."

சிரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். குடித்தவர்கள், நம் பங்கும் இருக்கட்டுமே என்று அடிவண்டலை அங்கேயே ஊற்றினார்கள். கூட்டம் நாளுக்கு நாள் பெருத்தது.

அளவு நாடாவோடு வந்த அதிகாரிக்கு அதை விரிக்க இடம் கிடைக்கவில்லை. "இவ்ளோ பேர் நிக்கற எடத்துல நான் எங்கம்மா வண்டிய நிறுத்தறது?" என்று அலுத்துக்கொண்டு, சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்னார். வண்டி நிறுத்துமிடம் கால்வாயின் அக்கரைக்குப் போயிற்று.

அன்றிலிருந்து ஓவியருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "கரைங்கறது வெறும் மண்ணு. கறைதான் வாழ்ந்த தடம். தெரிஞ்சேதான் போட்டேன்" என்று டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் விளக்கினார். தம்பி இருமினார். அக்கா தம்பியை ஒரு முறை முறைத்துவிட்டு, கணவருக்குப் பாலை ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள்.

பிறகு, யாரையும் கூட்டுச் சேர்க்காமல், ஓவியர் தானே ஒரு பலகை எழுதிக் கடை வாசலில் மாட்டினார். அதில் 'நண்றி' என்று இருந்தது.